மூன்று கிண்ணம், மூன்று வாய்

இந்த நாளை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. சமையலறை ஜன்னல் திறந்திருந்தது என்று நான் சொல்வேன். மூடியிருந்தது என்பாள் அம்மா. அப்பாவைக் கேட்டால், "ஜன்னலா? அந்தப் பக்கம் நான் பார்க்கவே இல்லையே" என்பார்.

சமையல் மேடையில் ஆறு கிண்ணங்கள் இருந்தன என்பதில் மட்டும் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதனால் படிக்கிறவர்கள் ஜன்னலை நம்ப வேண்டாம். கிண்ணங்களை நம்பலாம்.

அம்மா ஒரு பாட்டிலைத் துண்டில் சுற்றி, கைப்பையின் அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்ததோடு இந்தத் தொடரைப் போன வாரம் நிறுத்தியிருந்தேன். பாட்டிலில் இருந்தது ஜின். அப்பா குடியை நிறுத்திப் பதினோரு மாதமாகியிருந்தது. அந்தப் பதினோரு மாதத்தில் எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்த முதல் பாட்டில் அது.

அம்மா ஒரு ஹோட்டலின் பாரில் வேலை பார்த்தாள். டம்ளர் கழுவச் சேர்ந்தவள். எலுமிச்சை நறுக்க உயர்ந்து, கலவை கலக்க உயர்ந்து, பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. பாரின் தலைமைப் பொறுப்பு காலியாகியிருந்தது. போட்டியில் மூன்று பேர். ஆளுக்கு ஒரு கலவை; தேயிலை ஊறிய மதுவில் செய்ய வேண்டும்; புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு முதலாளி ருசி பார்ப்பார். ஹோட்டலிலேயே செய்து பழகினால் மற்ற இருவர் கண்ணிலும் படும். அதனால்தான் வீடு.

அம்மாவின் திட்டம் எளிமையானது. அப்பா காலை எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பினால் மாலை ஆறரைக்குத்தான் திரும்புவார். அதற்குள் வேலை முடிந்து, பாத்திரம் கழுவி, பாட்டிலும் ஹோட்டலுக்குத் திரும்பியிருக்கும்.

திட்டத்தில் இல்லாத ஒன்று செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. சளி. அம்மாவின் மூக்கு இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. புதன்கிழமை எனக்கு வார விடுமுறை.

பதினோரு மணிக்கு ஜின்னில் தேயிலை ஊறிக்கொண்டிருந்த ஆறு ஜாம் பாட்டில்களையும் அம்மா வரிசையாகத் திறந்து, வடிகட்டி, ஆறு வெள்ளைக் கிண்ணங்களில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினாள். ஆறிலும் ஒரே ஜின், ஒரே தேயிலை. ஊறிய நேரம் மட்டும் வேறு. இருபது நிமிடம், நாற்பது நிமிடம், ஒரு மணி நேரம், இரண்டு மணி, நாலு மணி. நாலு மணிப் பாட்டில் அப்பா எழுமுன்பே துணி அலமாரிக்குப் பின்னால் போனது; கடைசிப் பாட்டில் முந்தின இரவே அங்கே உட்கார்ந்து ஊறியது. ஒவ்வொரு கிண்ணத்திலும் ஜின்னுக்குச் சரிபாதி தண்ணீர் சேர்த்தாள். வடிகட்டிய இலையை அந்தந்தக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மூடியில் வைத்தாள்.

ஒன்றை எடுத்து வாயில் வைத்தாள். இன்னொன்று. பிறகு எல்லாவற்றையும்.

"வெந்நீர் மாதிரி இருக்கு" என்றாள். "எல்லாமே. நீ குடிச்சுப் பாரு."

நான் பார்த்தேன். "இருமல் மருந்து மாதிரி இருக்கும்மா."

"எது?"

"ஆறும்."

"உன் நாக்கைத் தேய்க்கத்தான் ஒரு மிஷின் வேணும்டி" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்பில் சர்க்கரைப் பாகை வைத்தாள்.

அப்போதுதான் கதவு திறந்தது.

அப்பா வேலை பார்க்கும் இடத்தில் கரண்ட் போய்விட்டதாம். வெந்நீர் இல்லாமல் அவருக்கு வேலை இல்லை. அவர் தேயிலை ருசி பார்க்கிறவர். ஏலத்துக்கு வரும் மாதிரிகளை வரிசையாக வைத்து, ஒரு நாளைக்கு முந்நூறு கிண்ணம்வரை உறிஞ்சி, வாய்க்குள் உருட்டித் துப்புவார். இருபத்தாறு வருடத் தொழில். வீட்டில் டீ போட்டுக் கொடுத்தால், "முழுங்கணுமா?" என்று கேட்பார். ஆரம்பத்தில் அது நகைச்சுவையாக இருந்ததாம்.

சமையலறை வாசலில் நின்றார். பாட்டிலைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அடுப்பில் பாகு கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

எங்கள் வீட்டில் மௌனங்கள் நீளமானவை. அந்த மௌனம் எவ்வளவு நீளம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அது முடிந்தபோது அப்பா மேடையை நோக்கி நடந்து வந்து, இரண்டாவது கிண்ணத்தையும் மூன்றாவது கிண்ணத்தையும் இடம் மாற்றினார்.

"லேசானதுல இருந்து அழுத்தமானதுக்குப் போகணும். நீ மாத்தி வெச்சிருக்கே."

"நான் சரியாத்தான் வெச்சேன்."

"நிறத்தைப் பாரு."

அம்மா பார்த்தாள். மாற்றித்தான் வைத்திருந்தாள்.

அவர் கிண்ணங்களில் வாய் வைக்கவில்லை. மூடிகளில் இருந்த இலையை ஒவ்வொன்றாக விரலால் அமுக்கிப் பார்த்தார். கடைசி மூடியைத் தள்ளிவைத்தார். "இது செத்துப்போச்சு. ராத்திரி பூரா ஊறிச்சா?"

"ம்."

"பக்கத்துல இருக்கிறதும் போச்சு. வாயில வெச்சா நாக்கு சுருண்டுக்கும். முதல்ல இருக்கிறது இன்னும் தூங்கி எழுந்திருக்கவே இல்ல." மூன்று கிண்ணங்கள் பின்னால் போயின. நாற்பது நிமிடம், ஒரு மணி, இரண்டு மணி. இந்த மூன்றும் மிஞ்சின. "இதுக்கு மேல கண்ணால சொல்ல முடியாது."

அதற்கு என்ன அர்த்தம் என்று மூவருக்கும் தெரியும்.

"வேண்டாம்" என்றாள் அம்மா.

"நான் துப்புறவன்மா."

"டீயைத் துப்புவீங்க. இதைத் துப்பின ஆளை எங்க பார்ல நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல."

"உன்கிட்ட வர்றவங்க குடிக்க வர்றவங்க. நான் இப்ப வேலை பார்க்க வர்றேன்." சட்டைக் கையை மடித்தார். "மணி பதினொண்ணே முக்கால். உனக்கு மூக்கு இல்ல. இவளுக்கு நாக்கு இல்ல. அஞ்சு மணிக்கு எதைக் கொண்டுபோய் வைப்பே? சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுப்பியா?"

அந்தப் பொறுப்பு கிடைக்காவிட்டால் அம்மா மறுநாளும் அதே வேலைக்குப் போவாள். முணுமுணுத்துக்கொண்டே எலுமிச்சை பிழிவாள். அப்பாவின் பதினோரு மாதம் போனால் அப்படி ஒரு மறுநாள் இல்லை. அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் கழிந்த பதினேழு நாட்களை நாங்கள் மூவரும் மறக்கவில்லை.

இது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் சரியென்றாள். பின்னாளில் நான் அவளிடம் ஏன் என்று கேட்டேன். "அவர் சட்டைக் கையை மடிச்ச விதம்" என்றாள். அதற்கு மேல் விளக்கவில்லை.

"மூணு கிண்ணம், மூணு வாய்" என்றாள் அம்மா. "அதுக்கு மேல ஒரு சொட்டுக்கூட கிடையாது. ஏய், நீ வாளியைப் பிடி. அவர் தொண்டையையே பார்த்துக்கிட்டிரு."

"தொண்டைக்குக் காவலா? நல்லாத்தான் இருக்கு" என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை.

நான் குளியலறை வாளியை எடுத்துவந்து பிடித்துக்கொண்டேன். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பினாள். பாகு அடிபிடிக்கும் பதத்தில் இருந்தது. திரும்பித்தான் ஆக வேண்டும்.

அப்பா ஸ்பூனை எடுத்தார். முதல் கிண்ணம். காற்றோடு சேர்த்து ஒரே இழுப்பு, துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். கன்னத்துக்குள் உருண்டது. துப்பினார். இரண்டாவது. துப்பினார். மூன்றாவது. துப்பினார்.

மூன்று வாய் முடிந்தது. ஸ்பூனைக் கீழே வைப்பார் என்று நான் காத்திருந்தேன்.

அவர் வைக்கவில்லை. மூன்றாவது கிண்ணத்திலேயே மறுபடி ஸ்பூனை விட்டார். பிறகு இரண்டாவது. பிறகு முதலாவது. வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம்.

இதைத் தொழிலில் இல்லாதவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ருசி பார்க்கிறவர்கள் ஒரு வரிசையை ஒரு முறை போய்ப் பார்த்து முடிவு சொல்வதில்லை. போனால் திரும்பி வர வேண்டும். போகும்போது லேசானதிலிருந்து ஏறுகிற நாக்கு, வரும்போது அழுத்தமானதிலிருந்து இறங்குகிறது. இரண்டும் ஒத்துப்போனால்தான் தீர்ப்பு. இருபத்தாறு வருடமாக அவர் ஒரு திசையில் மட்டும் போய் நின்றதே இல்லை. மூன்று வாய் என்று அம்மா கணக்குச் சொன்னபோது இது அவள் நினைவில் இல்லை. ஒப்புக்கொண்டபோது அவருக்கும் நினைவில் இல்லை என்றே நான் இன்றும் நம்புகிறேன். கை அதுவாகப் போனது.

நாலு. ஐந்து. ஆறு. மூன்றையும் துப்பினார்.

நான் வாயைத் திறக்கவில்லை. "அப்பா, போதும்" என்று இரண்டு வார்த்தை. சொல்லியிருக்கலாம். அவர் வேலை செய்வதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து வீட்டுக்குள் யாரோ இரவல் கொடுத்த உடம்பை மாட்டிக்கொண்ட மாதிரி நடந்துகொண்டிருந்த மனிதர், அன்று தோளை நிமிர்த்தி, கண்ணைப் பாதி மூடி நின்றார். அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஏழாவது வாய் நடுக் கிண்ணத்திலிருந்து. உறிஞ்சினார். உருட்டினார்.

வாளியில் சத்தம் வரவில்லை.

வாசல் மணி அடித்தது.

வந்தது அத்தை. அப்பாவின் அக்கா, இரண்டு தெரு தள்ளிச் சலவைக்கடை வைத்திருந்தாள். அம்மாவின் யூனிபாரத்தைத் தேய்த்து, ஹேங்கரில் மாட்டி, தானே எடுத்து வந்திருந்தாள். அவளுக்கு அப்பா வைத்த பெயர் ஆடிட்டர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் சமையலறைக்குப் போய்விட்டுத்தான் உட்காருவாள். பதினேழு நாளும் ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்கியவள் அவள்தான்.

நேராகச் சமையலறைக்கு வந்தாள். கிண்ணங்கள். பாட்டில். ஸ்பூனோடு தம்பி. வாளியோடு நான்.

"என்னடா இது?"

"வேலைதான், அக்கா" என்றார் அப்பா.

"எவன் குடுத்த வேலை?" ஹேங்கரைக் கதவில் மாட்டினாள். அதைக் கசங்காமல் மாட்டினாள் என்பது நினைவிருக்கிறது. "ஏம்மா, நீயா? நீயே வாங்கி, நீயே ஊத்தி, நீயே ஸ்பூனையும் குடுத்தியா? பேஷ். இனிமே எதுக்குடா வெளிய போய்க் கஷ்டப்படணும், வீட்டுக்கே சப்ளை வருதே!"

"அண்ணி, துப்பத்தான் சொன்னேன். மூணே மூணு வாய்—"

"ஏழு" என்றேன் நான்.

அம்மா திரும்பினாள். கையில் பாகுக் கரண்டி.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. தம்பியின் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். ஐம்பது வயது மனிதரைச் சின்னப் பையனைப் பிடிக்கிற மாதிரி. "துப்பினியா?"

"துப்பினேன்."

"எல்லாத்தையும்?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். பாதி உண்மையாகவும் இருந்திருக்கும். பதினோரு மாதத்துக்கு முன்பு என்றால் சொல்லியிருப்பார். அதில் அவர் கெட்டிக்காரர்.

"ஆறு துப்பினேன்" என்றார். "ஒண்ணு உள்ள போயிடுச்சு."

"போயிடுச்சா, அனுப்பினியா?"

"அனுப்பினேன்."

அத்தை தாடையிலிருந்து கையை எடுத்தாள். மேடையில் சாய்ந்து நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "ஏண்டா?" என்று மட்டும் கேட்டாள், குரலே இல்லாமல்.

அப்பா நடுக் கிண்ணத்தைப் பார்த்தார். "நடுவுல இருக்கிறது சரியா இருந்திச்சு. எத்தனையோ வருஷம், நல்லா இருக்கிறதையும் நான் துப்பித்தான் பழக்கம். இன்னிக்கு முடியல." பிறகு, "காரணம்னு கேட்டதால சொன்னேன். இது சாக்கு இல்ல" என்றார்.

அம்மா அடுப்பை அணைத்தாள். கரண்டியை வைத்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். சளியால் கண் ஏற்கெனவே சிவந்துதான் இருந்தது.

"நடுவுல இருக்கிறதுன்னா, ஒரு மணி நேரம் ஊறினதா?" என்று கேட்டாள்.

"இதைக் கேக்கிற நேரமாம்மா இது!" என்றாள் அத்தை.

"ஒரு மணி நேரம்தான்" என்றார் அப்பா. அம்மாவைத்தான் பார்த்துச் சொன்னார். "முன்னால பூ வாசனை மாதிரி ஒண்ணு வருது. பின்னால துவர்ப்பு பிடிச்சு இழுக்குது. நீ வழக்கமா போடுற எலுமிச்சையில பாதி போதும். அந்த இழுப்பை அடக்க ஏதாவது வேணும். டீயில பால் பண்ற வேலை."

"முட்டை வெள்ளை" என்றாள் அம்மா.

"அது செய்யுமா?"

"செய்யும்."

"அப்ப சரி." ஸ்பூனை வைத்தார். "பாட்டிலை வீட்டுல வெச்சிட்டுப் போயிடாதே."

ஒரு மணி நேரம் ஊறிய ஜாம் பாட்டிலில் தண்ணீர் கலக்காத ஜின் மீதி இருந்தது. அதை மூடி அம்மா தன் பையில் வைத்தாள். மற்ற ஜாம் பாட்டில்களில் இருந்ததையும், கிண்ணங்களில் இருந்ததையும், பெரிய பாட்டிலில் பாதிக்கு மேல் இருந்ததையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தாள். காலிப் பாட்டிலைக் குலுக்கிக் காட்டினாள். முடிந்தது என்று நினைத்தாள்.

அவளுக்கு மூக்கு இல்லை. எங்களுக்கு இருந்தது. ஊற்றிய ஜின் தொட்டியிலிருந்து எழும்பி அறை முழுக்க நிறைந்தது. அப்பா அதன் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அவர் கண் தொட்டியின் மேலேயே இருந்தது.

"தண்ணியைத் திறந்து விடும்மா! வாசனை ஆளைத் தூக்குது!" என்று கத்தினாள் அத்தை. அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் இரண்டு குழாயையும் ஒரே நேரத்தில் திறந்தாள். தண்ணீர் தெறித்து யூனிபாரத்தின் ஒரு கை நனைந்தது.

அத்தை தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தாள். "கடைக்கு வா. நாப்பது பெட்ஷீட் மடிக்கக் கிடக்கு. மடி."

"எனக்கு மடிக்கத் தெரியாதுக்கா."

"துப்பத் தெரியும்னுகூடத்தான் சொன்னே."

போனார்கள். மாடிப்படியில் இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம். ஒன்று மட்டும் ஒரு படியில் நின்று, பிறகு தொடர்ந்தது.

அம்மா முட்டையை உடைத்தாள். ஜாம் பாட்டிலிலிருந்து இரண்டு பங்கு ஜின், அரைப் பங்கு எலுமிச்சைச் சாறு, முக்கால் பங்கு பாகு, ஒரு முட்டையின் வெள்ளை. முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்கினாள். பிறகு ஐஸ் போட்டு, தோள்பட்டை நோகும்வரை குலுக்கினாள். உயரமான கிளாஸில் வடித்தாள். மேலே விரல் கனத்துக்கு வெள்ளை நுரை நின்றது.

"குடி."

குடித்தேன். முதலில் தேயிலை வந்தது. கசப்பு வரப்போகிறது என்று காத்திருந்தேன், வரவில்லை. "இது இருமல் மருந்து மாதிரி இல்லம்மா."

அவள் தலையை ஆட்டினாள். "என் மேல தப்பா?" என்று கேட்டாள்.

நான் ஏழு வரை எண்ணிக்கொண்டு நின்றவள். "யூனிபாரம் கை காயணும், குடு, தேய்ச்சுத் தர்றேன்" என்றேன்.

மூன்றரைக்குக் கிளம்பினாள். ஏழு மணிக்குத் திரும்பி வந்தாள். முதலாளி மற்ற இரண்டையும் ஒரு வாயோடு வைத்துவிட்டு, இவளுடையதைக் கிளாஸ் காலியாகும்வரை குடித்தாராம். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாராம். "வீட்டுல ஒருத்தர்" என்றாளாம். செருப்பைக் கழற்றாமலே இதைச் சொல்லிவிட்டு, "அப்பா எங்க?" என்றாள்.

அத்தையின் கடைக்கு போன் செய்தேன். "அவன் அஞ்சரைக்கே கிளம்பிட்டானே! நாப்பதும் மடிச்சிட்டுத்தான் போனான்" என்றாள் அத்தை. கடையிலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தால் ஏழு நிமிடம்.

அவர் வந்தபோது ஏழே முக்கால். அம்மா கதவருகே நின்றாள். அவர் அவள் முன்னால் நின்று, கேட்காமலே வாயைத் திறந்து மூச்சு விட்டார். அவளால் எதையும் முகர முடியாது என்பது அவருக்கு நினைவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். நான் கிட்டே போய் முகர்ந்தேன். சலவைச் சோப்பு. வேறொன்றும் இல்லை.

அந்த இரண்டே கால் மணி நேரம் எங்கே இருந்தார் என்பதை அவர் பிறகு ஒரு நாள் சொன்னார். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இனி யார் என்ன ஆனார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு அந்தப் பொறுப்பு கிடைத்தது. எட்டு வருடம் பார்த்துவிட்டு, முழங்கால் வலி வந்ததும் விட்டாள். அந்தக் கலவை இரண்டு வருடம் ஹோட்டலின் மெனு அட்டையில் இருந்து, பிறகு எடுக்கப்பட்டது. அத்தை ஏழு மாதம் அம்மாவோடு பேசவில்லை; அந்த ஏழு மாதமும் யூனிபாரத்தைத் தேய்த்து, எங்கள் கதவில் மாட்டிவிட்டுப் போனாள். சலவைக்கடையை இப்போது வேறு யாரோ நடத்துகிறார்கள். அத்தை எங்களுடன் இருக்கிறாள். நான் இன்னும் லென்ஸ்தான் தேய்க்கிறேன், சொந்தக் கடையில்.

அப்பா அடுத்த மூன்று வாரத்தில் இரண்டு முறை குடித்தார். இரண்டு முறையும் வந்து சொன்னார். பிறகு நிறுத்தினார், இந்த மாதத்தோடு ஒன்பது வருடம். யாராவது கேட்டால் ஒன்பது என்றுதான் சொல்வார். அம்மா பக்கத்தில் இருந்தால், பதினோரு மாதத்தையும் சேர்த்துச் சொல்வாள்.